சென்னைக்கு அடுத்து வேண்டியது பெரிய மருத்துவமனையா, மாலையில் திறந்திருக்கும் தெரு மையமா?

கூவக்கரை மகள்:
2023 ஜூனில் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. தமிழ்நாட்டு நகரங்களில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன; வீட்டுக்கு அருகிலேயே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கும் சின்ன இடங்கள் அவை. சில நாட்களில் கிண்டியில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லோரும் பேசியது கிண்டியைப் பற்றித்தான். ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் நடுவே உடல்நலத்தில் உள்ள இடைவெளியைக் குறைக்கப்போவது அந்தச் சின்ன மையங்கள்தான் என்பது என் கட்சி.

கூவக்கரையில் குடியிருந்தவரை அம்மா பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்ச் சர்க்கரை மாத்திரை வாங்கி வருவார். பிறகு குடிசையை அகற்றி, நகரத்தின் தென்கோடியில் அடுக்குமாடியில் குடியமர்த்தினார்கள். அன்றிலிருந்து மாத்திரை என்றாலே இரண்டு பஸ், ஓ.பி. சீட்டு வரிசை, மருந்து வரிசை. வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். ஒரு நாள் போகாவிட்டால் நான்கு வீட்டிலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார். எங்களிடம் சொல்லவே இல்லை. செருப்புக் கடித்த புண் ஆறாமல் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். செலவு ஒரு ரூபாய் இல்லை, நன்றாகவே செய்தார்கள். அந்த விரல் போயிருக்கவே வேண்டியதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

வடசென்னைப் பெரியவர்:
அம்மா நன்றாக இருக்கட்டும், மகளே. ஆனால் என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது இரவு பதினொரு மணிக்கு. நலவாழ்வு மையம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. பூட்டிய கதவை அந்த நேரத்தில் தட்டி என்ன பயன்? ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே அடைப்பை நீக்கி உயிரைக் காப்பாற்றினார்கள். இதய மருத்துவர், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஓரிடத்தில் இருந்ததால் பிழைத்தான். அவற்றைத் தெருத்தெருவாகப் பிரித்து வைக்க முடியாது.

வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருப்பதுபோலத் தென்கோடிக்கும் ஒன்று கேளுங்கள். தூரம்தான் சிக்கல் என்றால் பேருந்தைக் கூட்டச் சொல்லுங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லையே.

அறுவைப் பிரிவு செவிலி:
ஐயா, டிக்கெட் இலவசம், அன்றைய கூலி யார் தருவார்கள்?

நான் பார்ப்பது கால்கள். துணிக் கட்டைப் பிரிக்கும்போதே வாடை வரும். உள்ளே மஞ்சள் அப்பியிருக்கும். "கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "போன தடவை இங்கே சேர்ந்தபோது" என்பார்கள். முகவரியைப் பார்த்தால் பெரும்பாலும் மறுகுடியமர்வுக் குடியிருப்பு, ஆற்றோரம், கட்டடத் தொழிலாளர் தகரக் கொட்டகை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் அறுவைச் சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டு. காலை இழக்காமல் காக்கும் தினசரி மாத்திரைக்கு, தெருவிலேயே ஓர் ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது அதற்காகத்தான்.

இது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார்கள். 2013-இல் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்கு வந்தது. (என் சர்க்கரை நோயாளிகளை அங்கே இரவுச் சப்பாத்தி சாப்பிடத்தான் அனுப்புவேன்.) ஆஸ்பத்திரி வார்டுக்கு வருமுன்பே உடம்பைக் காப்பாற்றுகிற வேலையை மாநகராட்சி எப்போதோ கையில் எடுத்துவிட்டது.

வடசென்னைப் பெரியவர்:
கூலியை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பகுதி மையத்தில் ஒரே ஆண்டில் மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். ஒப்பந்த வேலை, மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு முறையும் என் ரத்த அழுத்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் ஒரு மாத்திரை இருப்பில் இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னார்கள். நிலையான மருத்துவரும் மருந்தும் இல்லாத மையத்தை நம்பி ஏழையை விடுவதும் அநீதிதான்.

கூவக்கரை மகள்:
இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஐயா. எங்கள் மையத்திலும் மருந்து தீர்ந்த நாட்கள் உண்டு. அதனால்தான் பணம் அங்கே போக வேண்டும் என்கிறேன்: நிரந்தர மருத்துவர், தீராத மருந்து இருப்பு, மாலை நேரத்தைக் குறைக்காமல் இருப்பது. தென்கோடிக்கு ஒரு ஸ்டான்லி வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், இன்றும் மையத்தைத்தான் கேட்பேன்.

அம்மா இப்போது கடைசி வீட்டு வேலையை முடித்துவிட்டு ஆறரை மணிக்கு அங்கே போகிறார், முந்தானை ஈரம்கூடக் காய்ந்திருக்காது. செவிலி மாத்திரையை எடுக்குமுன் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் இடது குதிகாலில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தது அவர்தான். மரத்துப்போன கால், அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. ஒரு நாள் கூலியும் போகாமல், மாலையில் மட்டும் போய்க் கட்டுப் போட்டு ஆற்றிவிட்டோம். இடது காலில் ஐந்து விரலும் இருக்கின்றன.