அம்மாவுக்கு முட்டி வலி, மே மாதம் கப்பல் பயணம்: எந்த வழி, எந்த அறை?

நங்கநல்லூர்க்காரி:

வணக்கம். மே மாதப் பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கப்பலில் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகன், அம்மா என்று நாலு பேர். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் வலி. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம். முட்டைகூடச் சேர்க்காத சைவம்.

அம்மா கப்பலில் ஏறியதில்லை. ஆனால் கப்பல் அவருக்குப் புதிது இல்லை. தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்குமாம். கரையிலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஏழெட்டு வயதில் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் படகு சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்ததாக அம்மா சொல்வார். போன மாதம் டிவியில் கப்பல் விளம்பரம் ஓடியபோது, "ஒரு தடவை இதுல போய்ப் பார்க்கணும்டி" என்றார். தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

தி.நகரில் ஒரு ஏஜென்டைப் பார்த்தோம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப சிங்கப்பூர், நாலு ராத்திரி. நாலு பேருக்கும் சேர்த்து ஜன்னல் இல்லாத ஒரே அறை. "எல்லாம் அடக்கம்" என்று ஒரு தொகை சொல்லி, இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்கிறார். அம்மாவுக்கு வாந்தி வருமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, ஒரே அறை போதுமா என்றெல்லாம் கேட்டால், "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்கிறார். சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பும் கப்பல் இன்னும் வசதியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் கப்பல்காரன்:

அக்கா, நான் ஒன்பது வருஷம் பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பெரியவர்களின் அறையைக் கவனித்திருக்கிறேன். முதலில் ஒன்று: அந்த முன்பணத்தை இன்றைக்குக் கட்டாதீர்கள். கப்பல் எங்கே போகிறது என்பதையே மாற்ற வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேயா, மறுபக்கம் சுமத்ரா, இரண்டும் சுவர் மாதிரி நிற்பதால் அங்கே பெரிய அலை எழும்ப இடம் இல்லை. காபி டம்ளர் மேஜையில் அசையாமல் நிற்கும் நாள்தான் அதிகம். புக்கெட் அதற்கும் வடக்கே, அந்தமான் கடல். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், அக்டோபர் வரை அந்தக் கரையில் அலை உருண்டு வந்துகொண்டே இருக்கும். அப்புறம் இன்னொரு விஷயத்தை ஏஜென்ட்கள் சொல்லவே மாட்டார்கள். பல பெரிய கப்பல்கள் புக்கெட்டில் கரையோடு ஒட்டி நிற்பதில்லை. பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். அம்மா நாகப்பட்டினத்தில் பார்த்த அதே ஏற்பாடுதான். கப்பலின் மேடை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம், நடுவில் அலைக்கு ஏறி இறங்கும் ஒரு அடி இடைவெளி. ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடிப்பார்கள். ஆனாலும் முட்டி வலிக்காரர்கள் அந்த ஒரு எட்டு வைக்கப் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அலை அதிகமென்றால் கேப்டன் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்.

பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு அணைந்து நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடும் கேங்வே பாலத்தில் நடந்து இறங்கினால் ஜார்ஜ் டவுன். அங்கிருந்து குவீன் தெரு மகாமாரியம்மன் கோவிலுக்கு கிராப் கார் பிடித்தால் சில நிமிஷம். 1833-இல் கட்டிய கோவில், சுற்றிலும் லிட்டில் இந்தியா, பூக்கடை, மளிகைக் கடை எல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கும். உங்கள் தாத்தா கணக்கெழுதிய கடையும் அந்தத் தெருக்களில்தான் எங்காவது இருந்திருக்க வேண்டும். மே மாதத்துக்கு சிங்கப்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று மூன்று ராத்திரி போதும். கூடவே கோலாலம்பூருக்குப் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிள்ளான் வந்தாலும் சரி.

அடுத்தது அறை. நாலு பேர் ஒரே அறையில் என்றால் இரண்டு பேருக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல் கட்டில், ஏணி வைத்து ஏற வேண்டும். ஒரே ஒரு குளியலறை, அதுவும் புடவை மாற்ற இடம் இல்லாத அளவு சின்னது. என் யோசனை இது. ஒரு பால்கனி அறை, அதற்கு நேர் எதிரே நடைபாதையின் மறுபக்கம் ஜன்னல் இல்லாத அறை ஒன்று. பால்கனியில் அம்மாவும் நீங்களும், எதிர் அறையில் உங்கள் கணவரும் பையனும். பகலில் எல்லோரும் பால்கனியில் கூடிக்கொள்ளலாம். இரண்டு பால்கனி எடுக்கும் செலவு மிச்சம். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. அதிகாலையில் எழுந்து பழகிய பெரியவர்களுக்கு அது பெரிய வேதனை.

எந்த இடத்தில் அறை என்பது விலையைவிட முக்கியம். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்கள். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு இல்லையா, அதே கணக்குதான். டெக் ப்ளானை, அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் வரைபடத்தை எடுத்து உங்கள் அறைக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகளாக இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே நாடக அரங்கு இருந்தால் ராத்திரி டிரம் சத்தம். லிஃப்ட் பக்கத்திலேயே வேண்டாம், நாலைந்து கதவு தள்ளி இருக்கட்டும். ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் என்ற கப்பலின் நீளம் 347 மீட்டர். முன்கோடியில் அறை, பின்கோடியில் சாப்பாடு என்றால் மூன்று வேளையும் அம்மா நடந்தே களைத்துவிடுவார். "கேரண்டி" என்று சொல்லி அறை எண் தராமல் விற்பார்கள், மலிவாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

குளியலறை வாசலில் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மேடு இருக்கும், ராத்திரி எழுந்து போகிறவர்கள் அதில்தான் தடுக்குவார்கள். வீல்சேர் அறைகளில் அந்த மேடு இருக்காது, ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போனால் போதும். டெர்மினலில் ஏறவும் இறங்கவும் மட்டும் வீல்சேர் வேண்டும் என்று முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்குக் கூச்சப்படவே கூடாது.

சாப்பாடு. புக் செய்யும்போதே "முட்டை இல்லாத சைவம்" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். கப்பலில் ஏறிய முதல் ராத்திரி பஃபேக்குப் போகாமல் பெரிய டைனிங் ஹாலுக்குப் போய், அங்கே இருக்கும் தலைமை வெயிட்டரிடம் நேரில் சொல்லுங்கள். பெரும்பாலும் நம் ஆட்கள் யாராவது இருப்பார்கள். மறுநாள் மெனுவை முதல் நாளே காட்டச் சொன்னால் காட்டுவார்கள், பருப்பும் சாதமும் தனியாகச் செய்து தருவார்கள். காலை பஃபேயில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். பருப்புப்பொடி, ஊறுகாய் கடையில் வாங்கிய சீல் பாக்கெட்டாக எடுத்துப் போங்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் வேண்டாம். ஸ்கேனில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலில் தீ பிடித்தால் ஓட இடம் கிடையாது, அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு.

வாந்திக்கு அவோமின் என்ற மாத்திரை போடுகிறவர்கள் உண்டு, ஆனால் தூக்கம் வரும், வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் வரலாம். அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் பெரிய பலன் இல்லை. நாங்கள் பயணிகளுக்கு பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுப்போம். வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்வோம்.

கடைசியாக, இதை எல்லோரிடமும் சொல்கிறேன். ஏறிய அன்றைக்கே மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சி இருக்கும். சில கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்தில் கூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். "அம்மா படுத்திருக்கட்டும், நாம் போய் வருவோம்" என்று விட்டுவிடாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறிய பயணிகளுக்கு டிரில் நடக்கவே இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் கிளம்புவதற்கு முன்பே நடத்தியாக வேண்டும் என்ற விதி வந்தது. அம்மாவையும் அந்த இடம் வரை கூட்டிப்போய், எந்தப் படிக்கட்டு பக்கம் என்று காட்டுங்கள்.

சென்னைக் கப்பல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் இங்கிருந்து ஓடத் தொடங்கியது, 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போனது. மும்பைப் பக்கம் கடல் கெட்டிருக்கும் மாதங்களில்தான் அது சென்னைப் பக்கம் வந்தது, அப்போது பையனுக்குப் பள்ளி இருக்கும். 1990-இல் கட்டிய கப்பல், நீளம் 211 மீட்டர். சின்னக் கப்பலில் அலை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் விமானம், விசா எதுவும் இல்லாமல் ராஜாஜி சாலையிலேயே ஏறி உள்ளூர்க் கடலில் இரண்டு ராத்திரி சுற்றி வருவதும் ஒரு நல்ல அனுபவம். அம்மாவின் ஆசைக்கு பினாங்குதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஆதம்பாக்கம் ஓய்வு:

மகளே, ராயபுரம் தம்பி கப்பலைச் சொல்லிவிட்டார், நான் காசையும் காகிதத்தையும் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவன், என் மனைவியோடு இரண்டு முறை போயிருக்கிறேன்.

"எல்லாம் அடக்கம்" என்ற வார்த்தையை நம்பி நான் முதல் முறை ஏமாந்தேன். ஏஜென்ட் கொடுத்த தொகையில் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் இல்லை, கப்பலில் இறங்கும் நாள் பில் வந்தபோதுதான் தெரிந்தது. டிப்ஸ் என்பது நாம் விருப்பப்பட்டுக் கொடுப்பது இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை அவர்களே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். நாலு பேர், நாலு ராத்திரி என்றால் 240 முதல் 320 டாலர். கட்டணம், துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் (வெளிநாட்டுச் சுற்றுலாப் பணத்தோடு முன்கூட்டியே வசூலிக்கும் வருமானவரி) என்று தனித்தனி வரியாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் பணம் கட்ட வேண்டாம். டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அந்தச் சான்றை மறக்காமல் வாங்குங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவாக இருக்க வேண்டும். கப்பலில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள், அது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை அரசுத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம், திரும்பி வரும்போதும் நிரப்ப வேண்டும். பணம் கேட்கும் தளங்கள் போலி. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கட்டும், பையனுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள், சிறுவர்களுக்கு ஐந்து வருஷம்தான்.

விமானம் இறங்கும் அன்றே கப்பல் ஏறும் திட்டம் வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகப் போய் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் அங்கேதான் இருக்கிறது, அம்மாவுக்கு இட்லி, காபி கவலை இல்லை. பெரிய பெட்டிகளை டெர்மினலில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயங்காலம்கூட ஆகலாம். அம்மாவின் மாத்திரை, ஒரு மாற்றுப் புடவை, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். காப்பீட்டில் அம்மாவின் முட்டி வலி, ரத்த அழுத்தம், சர்க்கரை எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் டாக்டர் டாலரில் பில் போடுவார்.

பெரம்பூர்:

நாங்கள் பிப்ரவரியில் புக்கெட் போனோம், கடல் குளம் மாதிரி இருந்தது. ஆகவே புக்கெட்டே வேண்டாம் என்று இல்லை, மே வேண்டாம். போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் கடிகாரம் பல சமயம் மாறாது. கப்பலின் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு பழைய கைக்கடிகாரம் கட்டிப் போனேன். கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலா பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாக டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். கப்பலில் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுக்கடல் ரோமிங் பில் தனிக் கதை.

நங்கநல்லூர்க்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஏஜென்டுக்குப் போன் செய்து இன்று கட்டவில்லை என்று சொல்லிவிட்டேன். தனித்தனி வரியாக எழுதித் தரச் சொன்னதும், துறைமுகக் கட்டணம் சேரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பையன் பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறது, அதைப் புதுப்பிக்கத் தேதி வாங்கிவிட்டோம்.

சாயங்காலம் அம்மாவிடம் பினாங்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பீரோவிலிருந்து தாத்தா அனுப்பிய ஒரு கடித உறையை எடுத்து வந்தார். பினாங்கு தபால் முத்திரை, அனுப்புநர் இடத்தில் ஒரு தெருவின் பெயர். அதையும் எடுத்துப் போகிறோம்.

வேறு ஒரு முகவரிடம் மூன்று ராத்திரி பினாங்குக்கு விலை கேட்டிருக்கிறேன். ராயபுரம் தம்பி, எட்டாவது தளத்தில் நடுவில், எதிரெதிராக இரண்டு அறை காலி என்கிறார்கள். மேலே ஒன்பதாவது தளத்திலும் அறைகள்தான். கீழே ஏழில் என்ன இருக்கிறது என்று படத்தில் புரியவில்லை, வெறும் வெள்ளையாக இருக்கிறது.

ராயபுரம் கப்பல்காரன்:

அக்கா, டெக் ப்ளானில் வெள்ளையாக விட்டிருந்தால் அது ஊழியர்கள் வேலை பார்க்கும் இடம். சமையல் கூடமாகவோ சாமான் அறையாகவோ இருக்கலாம், ராத்திரியெல்லாம் தள்ளுவண்டிச் சத்தம் வரும். அதே தளத்தில் நாலைந்து அறை தள்ளி, கீழேயும் அறை இருக்கிற இடமாகக் கேளுங்கள். எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கட்ட வேண்டாம்.