மறுமொழி: லெவரேஜ்டு பைஅவுட்டுக்குச் 'சுமத்துகடன் கொள்முதல்'

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிறுவனத்தைப் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்குவதை ஆங்கிலத்தில் 'லெவரேஜ்டு பைஅவுட்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'நெம்புகோல் கொள்முதல்', 'கடன்வழிக் கையகப்படுத்தல்', 'கடனுதவிக் கொள்முதல்'. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தையும் என் பரிந்துரையையும் சேர்த்தே எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒருவரைப் பிடித்து, 'உங்கள் கம்பெனியை நெம்புகோல் போட்டு வாங்கியிருக்கிறார்கள்' என்று சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? 'கடன்வழி' என்பது பரவாயில்லை. ஆனால் யாருடைய கடன் என்பதை அது சொல்லவில்லை. நாமெல்லாரும் கடன் போட்டுத்தான் வீடும் மோட்டாரும் வாங்குகிறோம், அதுவும் கடன்வழிக் கொள்முதல்தான். 'கடனுதவி'யைப் பரிந்துரைத்த கிள்ளான் ஐயா மன்னிக்க வேண்டும். இந்தக் காரியத்தின் பெயரில் உதவி என்ற சொல்லைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். வாங்குகிறவர் தன் கைப்பணத்தைக் கொஞ்சம் போடுகிறார். மீதிக்குக் கடன் எடுக்கிறார். அந்தக் கடன் அவர் தலையில் இருப்பதில்லை, வாங்கப்பட்ட நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. நிறுவனத்தின் நிலமும் இயந்திரமும் அதற்கு அடமானம். வட்டியை நிறுவனமே சம்பாதித்துக் கட்ட வேண்டும். கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய கடனை, வந்த மருமகள் பெயரில் எழுதி வைப்பதைப் போன்றது. நிறுவனம் நன்றாக ஓடினால் லாபம் வாங்கியவருக்கு. விழுந்தால் அவர் போட்ட அந்தக் கொஞ்சம் மட்டும் போகும்.

ஆகவே கடன் 'சுமத்தப்படுகிறது' என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை: கடனுக்குச் 'சுமத்துகடன்', அந்த வகைக் கொள்முதலுக்குச் 'சுமத்துகடன் கொள்முதல்'. ஏவுகணை, இயங்குதளம் மாதிரி இதுவும் வினைத்தொகை. அதனால் நடுவில் 'க்' வராது, யாரும் 'சுமத்துக்கடன்' என்று திருத்திவிட வேண்டாம். 'கடனேற்றுக் கொள்முதல்' என்றும் யோசித்துப் பார்த்தேன். 'ஏற்று' என்றால் ஏற்றிவைத்து என்றும் வரும், ஏற்றுக்கொண்டு என்றும் வரும். நிறுவனம் தானே விரும்பி ஏற்றுக்கொண்டதுபோல் ஒரு வாசிப்புக்கு இடம் இருப்பதால் விட்டுவிட்டேன்.

இனி, ஹோஸ்டஸ் என்ற அமெரிக்க ரொட்டி, கேக் நிறுவனத்தைப் பற்றிச் சென்னைத் தம்பி தன் கட்டுரை வரைவிலிருந்து இங்கே இட்ட வாக்கியத்துக்கு வருகிறேன்.

> 'தொழிற்சங்கத்தின் பிடிவாதத்தால் ஹோஸ்டஸ் நிறுவனம் நொடித்தது. முதலீட்டாளர்கள் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை.'

தம்பி, கலைச்சொல் கேட்டு வந்த இடத்தில் உங்கள் கருத்தைத் திருத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த வாக்கியத்தில் சொல் சிக்கலும் பழி சிக்கலும் ஒன்றாகவே இருக்கின்றன. நீங்கள் கதையை 2012 நவம்பர் 9-ஆம் தேதி, ரொட்டித் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்த அன்று தொடங்குகிறீர்கள். நவம்பர் 16-ஆம் தேதி நிறுவனம் மூடுவதாக அறிவித்தது, ஏறக்குறைய 18,500 பேர் வேலை இழந்தார்கள். ஒரு வாரத்துக்குள் நடந்ததை மட்டும் பார்த்தால் சங்கம்தான் கவிழ்த்தது என்று தோன்றும்.

எட்டு வருஷம் பின்னால் போங்கள். இண்டர்ஸ்டேட் பேக்கரீஸ் என்ற பழைய பெயரில் அது 2004-லேயே திவால் நீதிமன்றப் படி ஏறிவிட்டது. ரிப்பில்வுட் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டு, 2009-ல் வெளியே கொண்டுவந்தது. அதற்காகத் தொழிலாளர்கள் ஏற்கனவே சம்பளத்தையும் சலுகையையும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். அப்படியும் 2012 ஜனவரியில் மறுபடி அதே படி ஏறியபோது கடன் ஏறத்தாழ 86 கோடி டாலர். இடையில் 2011-ல் தொழிலாளர் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியதை நிறுவனம் நிறுத்தியது. அதே வருஷம் தலைமை நிர்வாகியின் ஆண்டுச் சம்பளம் ஏழரை லட்சம் டாலரிலிருந்து 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தப்பட்டதாகக் கடன் கொடுத்தவர்களே நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் 8 விழுக்காடு சம்பள வெட்டை ஏற்றுக்கொள் என்று நீட்டினார்கள். லாரி ஓட்டுநர் சங்கம் ஏற்றது. ரொட்டித் தொழிலாளர்கள் ஏற்கவில்லை.

சங்கங்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறுவனத்துக்கும் சங்கங்களுக்கும் இடையே 372 கூட்டு ஒப்பந்தங்கள் இருந்தன. ரொட்டிக்கு ஒரு லாரி, கேக்குக்கு ஒரு லாரி, இரண்டும் ஒரே கடைக்குப் போகும் என்ற வேலை விதிகளும் இருந்தன. காசு விரயம்தான் அது. மக்கள் வெள்ளை ரொட்டியையும் இனிப்புக் கேக்கையும் குறைத்துக்கொண்ட காலமும்கூட. இதையெல்லாம் கட்டுரையில் எழுதுங்கள். ஆனால் பொருளுக்கே மவுசு செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2013-ல் அபோலோ, மெட்ரோபுலஸ் என்ற முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 41 கோடி டாலருக்கு அந்தக் கேக் பெயர்களை வாங்கி, அதே வருஷம் ஜூலையில் அதன் பெயர்பெற்ற கேக்கான ட்விங்கியை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார்கள். 2023-ல் ஸ்மக்கர் நிறுவனம் அதை வாங்கியது, கடனையும் சேர்த்து ஏறக்குறைய 560 கோடி டாலருக்கு. கேக் பிழைத்தது. 18,500 பேர் கதை வேறு.

ஒரு விஷயத்தில் யாராவது என்னைப் பிடிப்பீர்கள் என்று தெரியும். ஹோஸ்டஸ் முழு அளவிலான சுமத்துகடன் கொள்முதல் இல்லை. ரிப்பில்வுட்டும் தான் போட்ட பணத்தை இழந்தது. சரிதான். ஆகவே கலைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாக நான் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடையைத்தான் வைப்பேன். 2005-ல் கே.கே.ஆர்., பெய்ன் கேப்பிட்டல், வொர்நாடோ என்ற மூன்று முதலீட்டு நிறுவனங்களும் 660 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதில் 500 கோடிக்கு மேல் கடையின் தலையிலேயே ஏறியது. வருஷத்துக்கு 40 கோடி டாலர் போல வட்டிக்கே போனது. கடையைப் புதுப்பிக்கவும் இணைய விற்பனைக்கு ஈடுகொடுக்கவும் கையில் என்ன மிஞ்சும்? 2017 செப்டம்பரில் திவால் மனு, 2018-ல் அமெரிக்கக் கடைகள் மூடல், 30,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே. அங்கே கடையை முடக்க ஒரு பெரிய வேலைநிறுத்தமும் நடக்கவில்லை. ஆசியக் கடைகள் தனியாக நின்றன, கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் அதே பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சங்கமே காரணம் என்பவர்கள் இந்தக் கதைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இதெல்லாம் அமெரிக்கா, நமக்கு எதற்கு என்று ஈப்போ நண்பர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நான் இங்கே வேலை போனவர்களுக்குப் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுக்கிறேன், பெர்கெசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாரம், தொழிலாளர் இலாகா புகார், இப்படி. எங்கள் பக்கத்தில் ஒரு மர ஆலை கைமாறி, சில வருஷத்தில் மூடப்பட்டது. ஒட்டுக்கடையில் (தெருவோரச் சாப்பாட்டுக் கடையில்) உட்கார்ந்தால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: 'யூனியன்காரன் சம்பளம் கூட்டிக் கேட்டான், முதலாளி ஓடிட்டான்.' அந்த ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்த ஓர் அக்கா, பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சீட்டிலும் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்ததாக அச்சாகியிருந்தது. சேமநிதி வாரியத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால் கடைசி மாதங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர் பங்கும் ஏறவில்லை, முதலாளி பங்கும் ஏறவில்லை. 'பிடிச்ச காசு எங்க தம்பி போச்சு?' என்று கேட்டார். இயந்திரம், நிலம், லாரி எல்லாமே கைமாறிய கையோடு அடமானத்தில் போயிருந்தன. சங்கம் கேட்ட உயர்வு கடைசிவரை கிடைக்கவேயில்லை.

அந்த அக்காவுக்கு நடந்ததை விளக்க எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. 'நொடித்துவிட்டது' என்று சொன்னால் வெள்ளம் வந்தது, இடி விழுந்தது என்பதைப் போல, யாரும் செய்யாமல் தானாக நடந்ததாகிவிடுகிறது. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் எவ்வளவு தெளிவான வேறுபாடு இருக்கிறது: கவிழ்ந்தது, கவிழ்த்தார்கள்; சரிந்தது, சரித்தார்கள். பொருளாதாரச் செய்தி எழுதும்போது மட்டும் முதலீட்டாளர் செய்ததெல்லாம் தன்வினையாகவும், தொழிலாளி செய்ததெல்லாம் பிறவினையாகவும் ஆகிவிடுகின்றன. 'கடன் பெருகியது', 'தொழிலாளர் ஆலையை முடக்கினர்.' தம்பியின் வாக்கியத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. கடனைப் பெருக்கியவருக்கும் ஓர் எழுவாய் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம்மிடம் இப்படி ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது: தோட்டத் துண்டாடல். தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இங்கே பால்மர (ரப்பர்) தோட்டங்களை விற்கத் தொடங்கின. இடைத்தரகர்கள் மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டாக விற்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரே நாளில் பத்து முதலாளி. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. எங்கள் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) வாங்கித் தோட்டங்களையே வாங்கப் புறப்பட்டார். அந்தக் காலத்து ஆள்கள் 'தோட்டம் விழுந்தது' என்று சொல்லவில்லை, 'தோட்டத்தைத் துண்டாடினார்கள்' என்றார்கள். செய்தவன் அந்த வினையிலேயே இருக்கிறான். அகராதி பார்த்து அவர்கள் அதை உண்டாக்கவில்லை.

ஆகவே, ஒரு நிறுவனத்தை வாங்கி அதன் சொத்துகளைப் பிரித்துப் பிரித்து விற்கும் அசெட் ஸ்டிரிப்பிங் என்பதற்குச் 'சொத்து உரிப்பு', 'சொத்து நீக்கம்' என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. 'சொத்துத் துண்டாடல்' என்றே வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். மலேசியத் தமிழர் காதில் அது உடனே ஏறும்.

கோவையிலிருந்து அம்மா ஒருவர் தனிமடலில் ஒரு மறுப்பு எழுதியிருந்தார். அனுமதியோடு இங்கே இடுகிறேன்.

> 'கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா? சுமத்துகடன் என்றால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறதே. எல்லாக் கொள்முதலும் நிறுவனத்தைக் கொன்றுவிடுவதில்லை.'

நியாயமான கேள்வி அம்மா. இந்த வகையில் வாங்கப்பட்டு, கடனை அடைத்து, நன்றாகவே நடக்கிற நிறுவனங்கள் உண்டு. ஆனால் அங்கேயும் கடன் சுமத்தப்பட்டது உண்மைதானே? சுமந்து கரையேறினார்கள், அவ்வளவுதான். சுமந்தவர் கரையேறினாரா விழுந்தாரா என்பதை இந்தச் சொல் தீர்ப்பளிக்கவில்லை, யார் தோளில் வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அது நடந்த உண்மை. 'கடன்வழி' என்று போட்டு அந்த உண்மையை மறைப்பதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தில் 31-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடமானத்தில் உள்ள சொத்து விற்கப்படும்போது, அந்த இடத்தில் வேலை செய்தவர்களுக்குப் பாக்கியுள்ள சம்பளத்தை, நான்கு மாத அளவுக்கு, அடமானக்காரருக்கு முன்பாகவே கொடுக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேருக்கு இது தெரியாது. வங்கி எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு என்று நினைத்துப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு 'முன்னுரிமைக் கோரிக்கை' என்று எழுதினால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் காரியம் மாதிரி இருக்கிறது. 'முந்துகூலி' எப்படி? கடன்காரரை முந்திக்கொண்டு வருகிற கூலி. இதுவும் வினைத்தொகைதான். முன்பணத்தோடு குழம்புமோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. இலங்கை நண்பர்கள், முக்கியமாக மலையகத்தில் இருப்பவர்கள், அங்கே என்ன சொல் புழங்குகிறது என்று எழுதினால் நல்லது.

தம்பி, உங்கள் வாக்கியத்தை நான் இப்படி மாற்றுவேன். கட்டாயம் இல்லை, பாருங்கள்: 'அடுத்தடுத்து வந்த உரிமையாளர்களும் நிர்வாகமும் கடனைக் குறைக்காமல் ஓய்வூதிய நிதியை நிறுத்தினர், இரண்டாம் முறையும் சம்பளத்தை வெட்டக் கேட்டபோது ரொட்டித் தொழிலாளர் சங்கம் மறுத்தது, நிர்வாகம் நிறுவனத்தை மூடியது.' மூன்று வினை, மூன்றுக்கும் எழுவாய் இருக்கிறது. பழியை எப்படிப் பங்கு வைப்பது என்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க வசதியாக என் வரையறை: சுமத்துகடன் என்பது, ஒரு நிறுவனத்தை வாங்குவதற்காக எடுக்கப்பட்டு, வாங்கப்பட்ட அந்த நிறுவனமே அடைக்கும்படி அதன் கணக்கில் ஏற்றப்படும் கடன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அந்த அக்காவின் புகார் மனுவோடு இணைக்கும் தமிழ் விளக்கக் குறிப்பில் இந்தச் சொல்லைத்தான் போடப்போகிறேன், திங்கட்கிழமை ஈப்போவுக்கு எடுத்துப் போக வேண்டும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து