தென் ஜெர்மனி கால்பந்து 1898–1933: க்ரைஸ், காவ், பெட்சிர்க்... எது மேல்மட்டம்?

ஸ்கோர்ஷீட்:

தென் ஜெர்மனியின் பழைய கால்பந்து லீக்குகளை, 1898 முதல் 1933 வரை, ஒரே எக்ஸெல் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 1908க்கு அப்புறம் கணக்கு இடிக்கிறது. ஒரு தாளில் க்ரைஸ் என்றால் வூர்ட்டெம்பெர்க், பாடன் எல்லாம் அடங்கிய பெரிய பரப்பு. 1919 தாளில் அதே க்ரைஸ் பத்துத் துண்டாகக் கிடக்கிறது. இன்றைக்கு ஜெர்மனியில் க்ரைஸ்லிகா என்றால் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் அடிமட்ட லீக். எந்த ஆண்டில் எதை முதல் மட்டம் என்று போடுவது?

இன்னொன்று. 1910 தேசிய அரையிறுதியில் கார்ல்ஸ்ரூ நகரத்து அணிகள் இரண்டு ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. பிராந்தியத்துக்கு ஒரு சாம்பியன்தானே போக வேண்டும்? அப்புறம், சில புள்ளிப்பட்டியல்களில் அடித்த கோல்களின் மொத்தமும் வாங்கிய கோல்களின் மொத்தமும் ஒத்துவரவில்லை. அச்சுப்பிழை என்று விட்டுவிடலாமா?

இடதுவிங்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் ஷீட்டில் லீக்கின் பெயருக்கு ஒரு காலம் (நெடுவரிசை), மட்டத்துக்கு ஒரு காலம் என்று தனித்தனியாகப் போடுங்கள். பெயரைப் பார்த்து மட்டத்தை முடிவு செய்தால் கண்டிப்பாகத் தப்பாகும். க்ரைஸ் என்றால் வட்டம். நம் தாலுகாவுக்கும் வட்டம்தான், காம்பஸ் வைத்துப் போடுவதும் வட்டம்தான் இல்லையா, ஜெர்மனிலும் அப்படியே. அந்த வட்டம் எவ்வளவு பெரியது என்பதைச் சங்கம் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தது.

தென் ஜெர்மன் சங்கம் தொடங்கியது 1897 அக்டோபர் 17, கார்ல்ஸ்ரூவில். எட்டுக் கிளப்புகள். கார்ல்ஸ்ரூ, ஹனாவ், பிராங்க்ஃபர்ட், மன்ஹைம், ஹைல்ப்ரான், ஃபோர்ட்ஸ்ஹைம் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவை. ஜெர்மன் கால்பந்து சங்கமே 1900 ஜனவரியில்தான் லைப்ஸிக்கில் பிறந்தது, ஆக தம்பி அண்ணனுக்கு முன்னால் பிறந்துவிட்டான். முதல் சாம்பியன் 1898இல் ஃப்ரைபுர்கர் எஃப்.சி. அந்தக் கிளப் ஆரம்பித்ததே 1897 டிசம்பரில்.

1908 வரை அடிப்படை அலகு காவ் என்ற சிறு பகுதி. காவ்களில் வென்றவர்கள் மேலே வந்து மோதுவார்கள். 1908இல் இந்தக் காவ்களுக்கு மேல் நான்கு க்ரைஸ்கள் தலையெடுத்தன. வடக்கில் பிராங்க்ஃபர்ட், ஹனாவ் வட்டாரம், மேற்கில் ஃபால்ட்ஸ், மன்ஹைம் பக்கம், தெற்கில் வூர்ட்டெம்பெர்க், பாடன், அல்சாஸ், கிழக்கில் பவேரியா. நான்கு க்ரைஸ் சாம்பியன்களும் தங்களுக்குள் இரண்டு சுற்று ஆடி, அதில் முதலில் வருபவர் தென் ஜெர்மனி சாம்பியன். நான்கும் ஒரே நாளில் ஒற்றை லீக்காக மாறிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பவேரியாவில் தொடக்கத்தில் வடக்கு, தெற்கு என்று பிரித்து ஆடி, பிறகுதான் ஒன்றாக்கினார்கள்.

1919இல் க்ரைஸ்லிகா பத்து: வட பவேரியா, தென் பவேரியா, வூர்ட்டெம்பெர்க், தென்மேற்கு, ஓடன்வால்ட், ஃபால்ட்ஸ், ஸார், ஹெஸ்ஸன், வட மைன், தென் மைன். இதுவும் முதல் மட்டம்தான். ஆனால் நான்கு பத்தானதால் தரம் நீர்த்துப்போனது. நியூரம்பெர்க், ஃபூர்த் போன்ற அணிகளுக்குத் தங்கள் க்ரைஸில் பாதி ஆட்டம் பயிற்சி ஆட்டம் மாதிரி. அதனால் 1923இல் வெட்டிச் சுருக்கி, ஐந்து பெட்சிர்க்ஸ்லிகா (பெட்சிர்க் என்றால் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றிலும் எட்டு அணி என்று வைத்தார்கள். 1927இல் மறுபடி திருத்தம்: நான்கு பெட்சிர்க், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு. 1933இல் நாஜி ஆட்சி பிராந்தியச் சங்கங்களையே கலைத்துவிட்டு நாடு முழுக்கப் பதினாறு காவ்லிகா போட்டது. வேடிக்கை என்னவென்றால், 1908க்கு முன் காவ் என்றால் மிகச் சிறியது, 1933க்குப் பின் காவ் என்றால் மிகப் பெரியது. அந்த ஒரு சொல்லாலேயே பாதிப் பட்டியல்கள் கெட்டிருக்கின்றன.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

1910 விஷயம் எளிது. முந்தைய ஆண்டு தேசிய சாம்பியனுக்கு நேரடி இடம் உண்டு. 1909இல் ஃபீனிக்ஸ் கார்ல்ஸ்ரூ, பிரெஸ்லாவில் நடந்த இறுதிப் போட்டியில் விக்டோரியா பெர்லினை 4-2 என்று வென்றது. ஆக 1910இல் நடப்புச் சாம்பியனாக ஃபீனிக்ஸ், தென் ஜெர்மனி சாம்பியனாக கே.எஃப்.வி (அதே ஊரின் இன்னொரு கிளப், கார்ல்ஸ்ரூஹர் எஃப்.வி). அரையிறுதியில் கே.எஃப்.வி 2-1. இறுதிப் போட்டி கொலோனில், மே 15. ஹோல்ஸ்டைன் கீலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் மாக்ஸ் பிராய்னிக் போட்ட பெனால்டி ஒன்றே கோல், 1-0. 1922இலும் இதே கதை: தென் ஜெர்மனி சாம்பியன் வாக்கர் முனிக், நடப்புச் சாம்பியன் நியூரம்பெர்க், இரண்டு பேரும் போனார்கள். எனவே ஷீட்டில் “எப்படித் தகுதி பெற்றது” என்று ஒரு காலம் அவசியம்.

இனி கோல் மொத்தம். அச்சுப்பிழை என்று விடாதீர்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. இப்படிச் சரிபாருங்கள். நான்கு அணி, இரண்டு சுற்று என்றால் 12 ஆட்டம். வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்ற பழைய கணக்கில் மொத்தம் 24 புள்ளி. ஐந்து அணி என்றால் 20 ஆட்டம், 40 புள்ளி. எட்டு அணி என்றால் 56 ஆட்டம், 112 புள்ளி. ஜெர்மன் பட்டியலில் புள்ளி 9:3 என்று இருக்கும். இடது பக்கம் வென்றது, வலது பக்கம் இழந்தது. நான்கு அணிச் சுற்றில் இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு அணிக்கும் 12 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் ஆட்டம் நடக்கவில்லை என்று பொருள்.

புள்ளி சரியாக வந்து கோல் மட்டும் இடித்தால், முறையீட்டில் தீர்ப்பான ஆட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். தகுதியில்லாத ஆளை இறக்கினார்கள், நேரத்துக்கு வரவில்லை என்று முறையீடு போய், ஆட்டத்தைச் சங்கம் ஒரு பக்கத்துக்குக் கொடுத்துவிடும். சில தாள் மைதானத்தில் விழுந்த கோலை அப்படியே வைத்துப் புள்ளியை மட்டும் மாற்றும். சில தாள் கோலையும் அடித்துவிடும். இரண்டு தாளையும் கலந்து ஏற்றினால் மொத்தம் எந்தக் காலத்திலும் ஒத்துவராது. “மைதானத்தில் வந்த முடிவு”, “சங்கம் கொடுத்த முடிவு” என்று இரண்டு காலம் வையுங்கள்.

புள்ளி சமமானால் யார் மேலே என்பதற்கு எக்ஸெலில் கோல் வித்தியாசம் போட்டு வரிசைப்படுத்தாதீர்கள். போருக்கு முந்தைய காலத்தில் முதலிடத்தில் சமன் வந்தால் தீர்மானிக்கும் ஆட்டம் ஒன்றைத் தனியாக ஆடுவார்கள். அது லீக் மொத்தத்தில் சேராது. பிற்பாடு வந்தது கோல் விகிதம். 20:10 எடுத்த அணிக்கு விகிதம் 2.0, வித்தியாசம் 10. 40:25 எடுத்த அணிக்கு வித்தியாசம் 15, ஆனால் விகிதம் 1.6தான். பழைய முறையில் முதல் அணி மேலே, உங்கள் எக்ஸெலில் இரண்டாவது அணி மேலே. ஜெர்மனி கோல் வித்தியாசத்துக்கு மாறியது 1969இல்.

ஸ்கோர்ஷீட்:

விகிதம் உதைத்த இடம் இப்போது புரிகிறது, இரண்டு பட்டியலில் அதேதான். 1903, 1904 தேசியப் போட்டியில் கே.எஃப்.வி வரிசையில் என்ன போடுவது? ஒன்றில் ஆட்டமே இல்லை, இன்னொன்றில் 1-6 தோல்வி இருக்கிறது, ஆனால் அந்த ஆண்டுக்குச் சாம்பியன் பெயர் காலி.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

இரண்டுமே தனித்தனிக் கூத்து. 1903 அரையிறுதியில் கே.எஃப்.விக்கு எதிராளி டி.எஃப்.சி பிராக். (பிராக் ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்தாலும் அங்கிருந்த ஜெர்மன் கிளப்புகள் அப்போது ஜெர்மன் சங்கத்தில் உறுப்பினர்கள்.) ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று கார்ல்ஸ்ரூவுக்கு ஒரு தந்தி வந்தது. அதை நம்பி அணி ரயில் ஏறவில்லை. தந்தி போலி. அனுப்பியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வராத குற்றத்துக்காகக் கே.எஃப்.வி நீக்கம், பிராக் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இறுதிக்குப் போய், மே 31 அன்று அல்டோனாவில் வி.எஃப்.பி லைப்ஸிக்கிடம் 2-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. இதற்கு “ஆடப்படவில்லை, எதிரணிக்கு வழங்கப்பட்டது” என்று போடுங்கள், 0-0 போட்டுவிடாதீர்கள்.

1904இல் பெர்லினில் பிரிட்டானியாவிடம் 1-6. பொது மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டத்தை எதிராளியின் ஊரிலேயே வைத்தார்கள் என்று கே.எஃப்.வி முறையிட்டது. தீர்ப்பு இழுத்துக்கொண்டே போய், காஸெலில் இறுதிப் போட்டி நடக்க வேண்டிய அன்றைக்கே போட்டியை ரத்து செய்தார்கள். அந்த ஆண்டுக்குச் சாம்பியன் கிடையாது. உங்கள் ஷீட்டில் “விவரம் கிடைக்கவில்லை”, “நடக்கவில்லை”, “நடந்தும் பட்டம் வழங்கவில்லை” மூன்றுக்கும் மூன்று குறி வையுங்கள், ஒரே காலிக் கட்டமாக விடாதீர்கள். தென் ஜெர்மனிப் பட்டியலில் 1915ம் 1919ம் இரண்டாவது வகை. 1922 தேசியப் பட்டம் மூன்றாவது வகை: நியூரம்பெர்க்கும் ஹாம்பர்கும் பெர்லினில் 2-2, லைப்ஸிக்கில் மறு ஆட்டம் 1-1. அதில் நியூரம்பெர்க் பக்கம் ஏழே பேர் மிஞ்சியதால் ஆட்டம் நின்றது. பட்டத்தை ஹாம்பர்குக்குக் கொடுத்தார்கள், ஹாம்பர்க் கடைசியில் வேண்டாம் என்றது, ஆக பட்டம் யாருக்கும் சேரவில்லை.

கார்னர் கொடி:

கிளப் பெயர்களை யாரும் சொல்லவில்லையே. கே.எஃப்.வியும் இன்றைய கே.எஸ்.சியும் (கார்ல்ஸ்ரூஹர் எஸ்.சி) வேறு வேறு. கே.எஸ்.சி 1952இல் ஃபீனிக்ஸும் மியூல்பர்கும் இணைந்து உருவானது. ஆகவே 1909 பட்டம் கே.எஸ்.சியின் பரம்பரையில் சேரும், 1910 பட்டம் சேராது. 1901 முதல் 1905 வரை தொடர்ந்து ஐந்து முறை, 1910 முதல் 1912 வரை மூன்று முறை தென் ஜெர்மனியை வென்றது கே.எஃப்.வி. அந்த எட்டையும் தூக்கி கே.எஸ்.சி கணக்கில் போட்ட பட்டியல்கள் இணையத்தில் ஏராளம்.

1910, 1911 பவேரியாவில் முதலிடத்தில் “முனிக் எஸ்.சி” என்று வந்தால் திகைக்காதீர்கள். அது பயர்ன் முனிக்தான். 1906இல் இன்னொரு விளையாட்டுக் கழகத்தோடு சேர்ந்து அதன் கால்பந்துப் பிரிவாக ஆடியது. பயர்ன் பிறந்ததற்கே இந்தச் சங்கம்தான் காரணம்: எம்.டி.வி முனிக் என்ற ஜிம்னாஸ்டிக் கழகம் தன் கால்பந்துப் பிரிவை தென் ஜெர்மன் சங்கத்தில் சேரவிடவில்லை. 1900 பிப்ரவரி 27 அன்று அந்தக் கூட்டத்திலிருந்து பதினொரு பேர் எழுந்து போய் புதுக் கிளப் தொடங்கினார்கள். ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸ் பழைய தாள்களில் கே எழுத்துக்குப் பதில் சி எழுத்தில் இருக்கும், தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள். வி.எஃப்.பி ஸ்டுட்கார்ட் 1912க்கு முன் கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க் கிளப்புகள் 1918க்குப் பின் காணாமல் போவது ஊர் பிரான்ஸுக்குப் போனதால், கலைந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

பழைய ஜெர்மன் அச்செழுத்தில் பெரிய கே, ஆர் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பி, வி இரண்டும் அப்படியே. ஸ்கேன் செய்து கணினியை வாசிக்க விட்டால் சுருக்கப் பெயர்கள் பாதிக்குமேல் மாறிவிடும். கிளப் பெயரைக் கண்ணால் பார்த்தே ஏற்றுங்கள்.

இடதுவிங்:

ஆறுமுகம் சொன்ன இரட்டை முடிவுக்கு 1932 தென் ஜெர்மனி இறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட்டில் பயர்னுக்கு எதிராக ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட் 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டம் பாதியில் நின்றது, பட்டம் ஐன்ட்ராக்டுக்கு. அதே ஆண்டு ஜூனில் தேசிய இறுதியில் அதே இரண்டு அணி, அதே 2-0, ஆனால் வென்றது பயர்ன். தென் ஜெர்மனியிலிருந்து ஒருவருக்கு மேல் போகும் வழி அதற்குள் திறந்திருந்தது.

அணிப்பட்டியல் ஏற்றுவதாக இருந்தால் ஒன்று. கே.எஃப்.வியின் முன்வரிசையில் ஃபோர்டரர், ஃபூக்ஸ், ஹிர்ஷ் மூவர். காட்ஃப்ரீட் ஃபூக்ஸ் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிரான 16-0இல் தனியாக 10 கோல் போட்டவர். யூலியுஸ் ஹிர்ஷ் 1913இல் ஃபூர்துக்குப் போய் அடுத்த ஆண்டே அங்கும் தேசியப் பட்டம் வென்றவர். இருவரும் யூதர்கள். 1933 ஏப்ரலில் தென் ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் யூதர்களை நீக்குவதற்கு ஒத்துழைப்பதாக அறிக்கை விட்டன, அதில் கே.எஃப்.வியும் உண்டு. பத்திரிகையில் அதைப் படித்த ஹிர்ஷ் தானே விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச் 1 அன்று அவரைக் கார்ல்ஸ்ரூவிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், திரும்பவில்லை. ஃபூக்ஸ் தப்பி, கனடாவில் காலம் கழித்தார். நாஜிக் காலத் தொகுப்புகளில் இருவர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். எனவே 1933க்குப் பின் அச்சானதை வைத்து வீரர் பெயர் ஏற்றாதீர்கள், ஆட்டம் நடந்த வாரத்துப் பத்திரிகைக்கே போங்கள். 1910 கொலோன் இறுதியில் கே.எஃப்.வி பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இருக்க வேண்டும். இல்லாத தாள் கையில் கிடைத்தால், அதில் உள்ள மற்ற ஒன்பது பெயரையும் நம்ப வேண்டாம்.