வெள்ளம் ஏறும்போது ஒன்று, வற்றும்போது வேறொன்று: சின்ன மீன்களின் வயிற்றில் நீங்கள் பார்த்தது என்ன?

ஆற்று வெள்ளம் வந்து நிரப்பிவிட்டுப் போகும் ஏரிகளில் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் என்ன தின்கின்றன என்று கொஞ்ச காலமாகப் பார்த்துவருகிறேன். கையேடுகளில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரே வார்த்தைதான்: பாசியுண்ணி, பூச்சியுண்ணி, அனைத்துண்ணி. மீனைப் பிடித்த அன்று ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா என்று தெரியாமல் அந்த வார்த்தையை நம்பவே முடியாது என்பது என் எண்ணம்.

சின்னக் கெண்டைகளையே எடுத்துக்கொள்வோம். வெள்ளம் கரை தாண்டிப் புல்தரைக்குள் புகுந்த நாட்களில் குடலைத் திறந்தால் எறும்புத் தலை, வண்டுச் சிறகின் துண்டு, புல் விதை, மகரந்தம் என்று எல்லாமே நிலத்துச் சரக்கு. தண்ணீர் ஏறி நின்றுவிட்டால் மூழ்கிய தண்டுகளில் வழுவழுவென்று பாசி படிந்துவிடும். அப்புறம் அதே மீனின் குடல் பச்சையாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் வைத்தால் இழைப்பாசியும் டயாட்டம் (கண்ணாடி மாதிரி ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி) ஓடுகளும்தான். ஏரி சுருங்கிக் குட்டையாகும்போது மக்கு (மக்கிப்போன செடிகொடித் துகள்), மணல் இரண்டும் அதிகம், நடுநடுவே இரத்தப்புழுவின் (சேற்றில் வாழும் ஒருவகைச் சிறு ஈயின் சிவப்புப் புழு) தலைகள். புழுவின் உடல் கரைந்துபோயிருக்கும், தலை ஓடு கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆனது என்பதால் தங்கிவிடும். அந்தத் தலைகளை எண்ணித்தான் மீன் எத்தனை புழு தின்றது என்று கணக்கு வைக்கிறேன்.

ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1989ல் வெள்ளத் துடிப்புக் கருத்தை முன்வைத்தார்கள். ஆறும் அதன் வெள்ளச் சமவெளியும் ஒரே அமைப்பு, நீர் ஏறி இறங்குவதுதான் அங்குள்ள உயிர்களை இயக்குகிறது என்பது அதன் சாரம். ஒரு கெண்டையின் குடலிலேயே அதைப் பார்க்க முடிகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

———

நீர்மட்டத்தோடு பிடித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சின்ன மீனுக்குச் செரிமானம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பகலில் மேயும் மீனை விடியற்காலையில் பிடித்தால் குடல் காலியாகத்தான் இருக்கும், அதை வைத்து 'இரை கிடைக்கவில்லை' என்று எழுதிவிடக் கூடாது. பிடித்த கையோடு ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போட்டுவிடுவது என் வழக்கம்.

இன்னொரு விஷயம். கெண்டை இனங்களுக்கு உண்மையான இரைப்பையே கிடையாது. குடலின் முன்பகுதி கொஞ்சம் புடைத்திருக்கும், அவ்வளவுதான். அங்கிருப்பதை மட்டும் எடுத்துப் பார்ப்பேன், பின்குடலில் எதுவும் அடையாளம் தெரியாது. கெண்டைகள் தொண்டைப் பற்களால் இரையை நசுக்கி விழுங்குவதால் முன்பகுதியில்கூட முழுப் பூச்சி கிடைப்பது அபூர்வம்.

மீன்பிடிக் கூண்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த மீனை நான் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. கூடச் சிக்கியதைத் தின்றிருக்கும்.

———

எனக்கு மறக்க முடியாதது கண்ணாடி மீன். உடல் வழியாக முள்ளெலும்பு தெரியும் அந்த மீனை நீர்த்தெள்ளு (தண்ணீரில் மிதக்கும் பொடி ஓட்டுயிரி) தின்னும் சாதுவான மீனாகத்தான் நினைத்திருந்தேன். கீழ்த்தாடை நீண்ட வகை ஒன்றைத் திறந்தபோது உள்ளே மெல்லிய வட்டத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. ஊசி முனையால் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பரப்பினால் ஒவ்வொன்றிலும் வளர்ச்சி வளையங்கள்! மற்ற மீன்களின் செதில்கள். சில செதில்களின் ஓரத்தில் தோலின் துணுக்குகூட ஒட்டியிருந்தது. சண்டா நாமா என்கிற அந்த இனம் செதில் தின்பது ஆய்வுகளில் பதிவானதுதான் என்று பிறகு படித்தேன். செதிலில் கனிமச் சத்தும் புரதமும் உண்டு, உதிர்ந்த செதில் திரும்ப முளைத்தும்விடும். ஏரி வற்றி மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் காலத்தில் இதைவிட வசதியான இரை அதற்கு வேறு எது? பக்கத்தில் நீந்தும் மீனை உரசினாலே போதும்.

———

முதல் பதிவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரியில் எது நிறைய இருக்கிறதோ அதையே மீன் தின்னும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிதவை உயிரி வலையை இழுத்தால் என் பாட்டிலில் கோப்பிபாடுகள் (நீர்த்தெள்ளு மாதிரியே இன்னொரு பொடி ஓட்டுயிரி) குவிந்திருக்கும், அதே இடத்து மீனின் குடலில் நீர்த்தெள்ளுதான் மிகுதி. கோப்பிபாடு சட்டென்று துள்ளித் தப்பிவிடும், நீர்த்தெள்ளு தத்தித் தத்திப் போகும். வலைக் கணக்கையும் குடல் கணக்கையும் ஒப்பிட இவ்லேவ் குறியீடு உதவும்: -1 என்றால் தொடவே இல்லை, +1க்கு நெருங்கினால் தேடித் தின்கிறது.

வாயின் அளவும் ஒரு காரணம். முட்டையிலிருந்து வந்த புதுசில் ரோட்டிஃபர் மாதிரிப் பொடி உயிரிதான் பெரும்பாலான குஞ்சுகளின் வாய்க்குள் போகும். வாய் பெருகப் பெருக நீர்த்தெள்ளு, அதற்கப்புறம் பூச்சி இளரிகள் (பூச்சியின் இளம் பருவம்). ஒரே இனத்தில் குஞ்சையும் வளர்ந்ததையும் ஒரே கணக்கில் சேர்த்தால் இரண்டுக்குமே பொருந்தாத ஒரு சராசரிதான் வரும்.

ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்தை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தட்டான் இளரி, சின்ன இறால், நத்தை என்று கொட்டும். அதன் ஓரத்தில் திரியும் மீன்களின் வயிற்றில் நான் அதிகம் பார்த்தது இந்தப் பட்டியலைத்தான்.

———

குடலில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை, அதையும் சேர்த்து யோசிக்கலாம். அமேசான் வெள்ளச் சமவெளியில் மக்கு தின்னும் மீன்களின் தசையில் கார்பன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளந்து, அவற்றின் கார்பன் பெரும்பாலும் மிதவைப் பாசியிலிருந்து வந்தது என்று 1986ல் ஓர் ஆய்வு சொன்னது. கண்ணுக்கு மக்காகத் தெரிந்தாலும் மீனை வளர்த்தது அதில் கலந்திருந்த பாசி. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது கனமான நைட்ரஜன் ஐசோடோப்பின் விகிதம் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 அளவு கூடும், அதனால் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதும் ஓரளவு பிடிபடும். குடல் ஒரு வேளைச் சாப்பாட்டைக் காட்டும், தசை பல வாரங்களுடையதை.

———

எல்லோருக்கும் நன்றி. செதில் விஷயம் எனக்குப் புதிது, என் குப்பிகளில் இருக்கும் கண்ணாடி மீன்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் போகிறேன். கெளுத்தியை இரவில் பிடித்துத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நீர்மட்டத்தையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள். என்னிடம் பகலில் பிடித்தவை மட்டுமே இருக்கின்றன.