நேரில் பார்த்துப் பேசிக் கிடைத்த தொழில் உறவுகள்: உங்கள் அனுபவம் என்ன?

அட்டைப்பெட்டி தயாரிப்பவர்

தொழில் தொடர்பு என்றாலே எல்லோரும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். எத்தனை விசிட்டிங் கார்டு வாங்கினோம், லிங்க்ட்இனில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒருவரை நேரில் சந்தித்தீர்கள், பிற்பாடு அது வியாபாரமாக மாறியது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? அதை எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

சரக்குப் போக்குவரத்துக் கண்காட்சி ஒன்றில் ஸ்டால் போட்டிருந்தோம். பக்கத்து ஸ்டாலில் ஒருவர், கிடங்கில் அடுக்கும் பெட்டிகளில் அடிவரிசை நசுங்கிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனமான அட்டைக்கு மாறிவிடுவது என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தார். எப்படி அடுக்குகிறீர்கள் என்று கேட்டேன். செல்போனில் படம் காட்டினார். சுவரில் செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். ஓரத்துப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் பேலட் என்ற தட்டையான மரத்தளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அட்டைப்பெட்டி பாரம் தாங்குவது பெரும்பாலும் மூலைகளில்தான். மூலைக்கு நேர்மேலே மூலை வரும்படி அடுக்கினால் எடை நேராகக் கீழே இறங்கும். மாற்றி அடுக்கினால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுப்பகுதியில் உட்காரும். பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு மூலையின் ஆதாரமே போய்விடும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அட்டை இன்னும் தளரும். "முதலில் அடுக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் நசுங்கினால் கனமான அட்டையைப் பற்றிப் பேசலாம்" என்றேன். அன்று மாலையே எப்படி அடுக்குவது என்று தாளில் வரைந்து, படமெடுத்து அனுப்பினேன்.

அவர் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. வாங்கும் தேவையே இல்லாமல் போய்விட்டது. வெகுநாள் கழித்து, அவருக்கு எப்போதோ பழக்கமான இன்னொரு தொழிலதிபர் என்னை அழைத்தார். "விற்க வந்த இடத்தில் வாங்க வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தானே?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அந்த நிறுவனம் இன்றைக்கும் எங்கள் வாடிக்கையாளர்.

நான் சந்தித்தவர் ஒருவர், ஆர்டர் கொடுத்தவர் வேறொருவர். இதை நான் அதிர்ஷ்டம் என்று நினைக்கவில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரியும். லேசாகப் பழகியவர்தான் வேறொரு வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவருகிறார். அவர் ஆய்வு வேலை தேடுவதைப் பற்றியது. வியாபாரத்திலும் அப்படித்தான் என்பது என் அனுபவம்.

கணக்குத் தணிக்கையாளர்

நான் வாராந்தரப் பரிந்துரைக் குழு ஒன்றில் உறுப்பினர். ஐவன் மைஸ்னர் 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பின் பாணி பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாரம் ஒரு கூட்டம், ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களைப் பரிந்துரைக்க வேண்டும். இதைச் சிலர் செயற்கை என்பார்கள். வாரக் கூட்டம் மட்டும் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஒரு நிமிட அறிமுகத்தைக் கேட்டுவிட்டு யாரையும் நம்பி என் வாடிக்கையாளரை அனுப்ப முடியாது.

அதை மாற்றியது எங்கள் குழுவின் மரச்சாமான் தயாரிப்பாளரின் பட்டறைக்குப் போனதுதான். வாரக் கூட்டத்தில் "அலுவலக மேசை, அலமாரி செய்கிறோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். மற்றவர்களைப் போல ஒருவர் என்றே நினைத்திருந்தோம். பட்டறையில் பார்த்தால், ஒவ்வொரு மேசையிலும் கணினி ஒயர் போகும் வழியை வெட்டுவதற்கு முன்பே அங்கு உட்காரப்போகிறவரிடம் பேசிக் குறித்துவைத்திருக்கிறார். கொடுத்த தேதியைச் சுவரில் பெரிதாக எழுதி, முடிந்ததைக் கோடிட்டு அடித்திருக்கிறார். அவருடைய ஆட்கள் பயமில்லாமல் அவரிடம் பேசுகிறார்கள். இது எதுவும் அந்த ஒரு நிமிடத்தில் வராது. அதற்குப் பிறகு என் வாடிக்கையாளர் ஒருவர் புது அலுவலகம் மாறப்போவதாகச் சொன்னபோது, "ஒருவரைத் தெரியும்" என்று மட்டும் சொல்லாமல், அந்தத் தேதிப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நேரில் வந்து பார்த்தார்கள், வேலையைக் கொடுத்தார்கள்.

பால் ஹாரிஸ் 1905-ல் சிகாகோவில் மூன்று நண்பர்களோடு தொடங்கிய ரோட்டரி சங்கம், ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்தில்தான் கூடியது. அந்த ஏற்பாட்டில் எவ்வளவு விவேகம் இருக்கிறது! ஒருவர் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவரைப் பற்றிக் கேட்க வேண்டியதில் பாதி தானே தெரிந்துவிடும். நிரந்தரமாக ஒரே அரங்கில் கூடும் குழுக்கள் இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரப் பராமரிப்பு நிறுவனம் நடத்துபவர்

கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன். புதியவர்களைத் தேடி அரங்கம் அரங்கமாகப் போவதற்கு முன்னால், பழையவர்களைப் போய்ப் பாருங்கள்.

முன்பு என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தொடர்பு விட்டுப்போய் பல வருடம். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் இப்போது கொள்முதல் பிரிவில் இருக்கிறார். நான் எதையும் விற்கப் போகவில்லை. அவர்தான், கம்ப்ரசர் அடிக்கடி நின்றுபோவதையும், சர்வீஸ் ஆட்கள் காரணமே சொல்லாமல் பாகத்தை மாற்றிவிட்டுப் போவதையும் சொன்னார். என்னை அவருக்கு ஏற்கெனவே தெரியும், என் வேலையும் தெரியும். நம்பிக்கையை முதலிலிருந்து கட்ட வேண்டிய அவசியமே இல்லை. தொடர்பில்லாமல் இருந்த வருடங்களில் அவர் போய்ப் பார்த்த உலகம் எனக்குப் புதிது, நான் பார்த்தது அவருக்குப் புதிது.

லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூவர் 2011-ல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். தொடர்பு விட்டுப்போன பழைய ஆட்களிடம் ஆலோசனை கேட்கும்படி மேலாளர்களிடம் சொன்னார்கள். அங்கே கிடைத்த யோசனைகள் இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள் தந்தவற்றுக்குக் குறைந்தவையாக இல்லை, புதுமையில் மேலாகவே இருந்தன.

இப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருப்பவர் (மென்பொருள்)

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். உள்ளே நுழைந்தவுடன் எல்லோரும் வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த வட்டத்திலும் இடமிருப்பதாகத் தெரிவதில்லை. மின்னஞ்சல் எனக்கு எளிது. அதை வைத்தே சமாளிக்க முடியாதா?

மொழிபெயர்ப்பாளர்

கூச்சம் எனக்கும் உண்டு, அதனால் சொல்கிறேன். மற்றவர்களும் வட்டத்தை விட்டு நகர்வதில்லை. பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சந்திப்பில் வந்தவர்களுக்கு மின்னணு அட்டை மாட்டி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வு அது. புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்கூட, ஏற்கெனவே தெரிந்தவர்களோடுதான் கூடுதலாகப் பேசியிருந்தார்கள்.

ஆகவே சீக்கிரம் போங்கள். வட்டங்கள் உருவாகும் முன்பே அங்கிருந்தால், வருகிறவர்கள்தான் உங்களைத் தேடி வருவார்கள். இன்னும் நல்லது, பதிவு மேசையில் உதவுகிறேன் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோரிடமும் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், பெயரும் முகமும் சேர்ந்து பதியும். எனக்கு இன்று வேலை தரும் பதிப்பாளர் ஒருவர், தன் பெயர் பேட்ஜில் தவறாக அச்சாகியிருக்கிறது என்று என்னிடம் வந்தவர். உடனே கையால் திருத்தி எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழையைப் பற்றியே பேசத் தொடங்கி, அவர் பதிப்பகத்தில் பிழைதிருத்தம் எப்படி நடக்கிறது என்பது வரை போய்விட்டது பேச்சு.

மின்னஞ்சலைப் பற்றி: ரொகனிசாத், போன்ஸ் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி சிலர் நேரிலும் சிலர் மின்னஞ்சலிலும் கேட்டார்கள். நேரில் கேட்டதற்கு 34 மடங்கு அதிகப் பலன். கேட்கப் போனவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார்கள். முகம் தெரியாதவருக்குக் கடிதம் எழுதுவதும், கை குலுக்கியவருக்கு எழுதுவதும் வேறுவேறு. சந்தித்த பிறகு மின்னஞ்சல் போல உதவுவது வேறில்லை.

அட்டைப்பெட்டி தயாரிப்பவர்

அருமை. தணிக்கையாளர் சொன்ன பட்டறைக் கதையை எங்கள் சங்கத்தில் படித்துக் காட்டப்போகிறேன்.

தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தித்த பிறகு எழுதுவதில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி, அதோடு நிறுவனத்தின் பிடிஎஃப். வாங்குகிறவர் அதைத் திறப்பதே இல்லை. விசிட்டிங் கார்டு கைக்கு வந்ததும், ஓரமாகப் போய் அதன் பின்பக்கத்தில் அவர் சொன்ன பிரச்சினையை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அவர் எதிரிலேயே எழுதாதீர்கள், சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படும். மறுநாளுக்குள் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம் சார். நேற்று கண்காட்சியில் பேட்டரி பேக்கிங் பற்றிப் பேசிக்கொண்டோம். அதை ஏற்றுமதி செய்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. உங்கள் எண்ணை அவருக்குத் தரலாமா? அவரிடமும் கேட்டுவிட்டேன், பேசத் தயாராக இருக்கிறார்." இரண்டு பக்கமும் சம்மதம் கேட்ட பிறகுதான் எண்ணைக் கொடுக்க வேண்டும். இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருப்பவர் (மென்பொருள்)

அடுத்த கூட்டத்தில் பதிவு மேசையில் உதவுவதாக ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். போய்வந்து எழுதுகிறேன்.