அம்பாந்தோட்டை, கொழும்பு பக்கம் போனவர்கள் உண்டா? பார்த்ததைச் சொல்லுங்கள்

எண்ணூர் கடலோடி:
கார் கப்பலில் இருந்தேன். காமராஜர் துறைமுகத்தில் ஏற்றி, அம்பாந்தோட்டையில் இறக்குவோம். கடனைக் கட்ட முடியாமல் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் சீனக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது ஒரு நோட்டு. லாஷிங் வேலைக்கு, அதாவது கப்பலில் கார்களை அசையாமல் கட்டும் வேலைக்கு வந்த திருகோணமலைக்காரர், நான் போனில் பேசியதைக் கேட்டு, "தம்பி எந்த இடம்?" என்று பக்கத்தில் வந்தார். சட்டைப்பையில் இருந்த நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்தில் சீனம். 'நீ ஹாவ் – வணக்கம். ஷியே ஷியே – நன்றி.' சூப்பர்வைசர் ஆக வேண்டுமாம். என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் துரைமாரிடம் பேச இப்படித்தான் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தாராம். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

தண்டையார்பேட்டை கிளார்க்:
அண்ணே, ஒரு திருத்தம். குத்தகைக்கு விட்டதால் கடன் கழியவில்லை. வந்த சுமார் 112 கோடி டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, சீன எக்ஸிம் வங்கிக் கடன் அப்படியே நின்றது. இலங்கையின் கழுத்தை அதிகம் இறுக்கியது வெளிச்சந்தையில் விற்ற கடன்பத்திரங்கள். அதற்காகச் சீனா சும்மா வந்தது என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் 2013இல் திறந்த பெரிய கன்டெய்னர் டெர்மினலில் 85 சதவீதம் அவர்களுடையது. இங்கிருந்து ஃபீடர் என்னும் சின்னக் கப்பலில் போகிற நம் பெட்டிகள் அங்கேதான் மதர் வெசல் என்னும் பெரிய கப்பலுக்கு மாறும். 2014இல் அதே டெர்மினலில் சீன நீர்மூழ்கி வந்து நின்ற செய்தியைப் படித்தபோது, என் பார்ட்டியின் தோல் சரக்கும் அங்கே கிடந்தது. டிராக்கிங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் என்ன கேட்பது?

காசிமேடு அக்கா:
2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது, தெரியாத படகு கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று எங்கள் ஏலக்கூடத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

எண்ணூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதரோடு இன்னும் பேச்சு இருந்தால், நோட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். என் மகள் மாண்டரின் படிக்கிறாள். ஒரே 'மா'வை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொரு தொனியில் குதிரை, வேறொன்றில் திட்டுவது. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலில் காதால் கேட்டுப் பழகட்டும், தினம் பத்து நிமிடம் போதும். அப்புறம் எழுதட்டும். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தின் மேலும் தொனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும்.