சீனாவில் கம்பெனி நடத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. குவாங்சோவில் எங்கள் முதலாளியின் சின்ன டிரேடிங் கம்பெனிக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். முழுக்க இந்திய முதலீடு. 2016-ல் பதிவு செய்தபோது ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மூலதனம் (முதலாளி கம்பெனிக்குள் போடுவதாக ஒப்புக்கொள்ளும் பணம்) 10 லட்சம் யுவான் என்று எழுதிவிட்டார்கள். 2046-க்குள் கட்டினால் போதும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்! இதுவரை கட்டியது 2 லட்சம்தான். சுவரில் மாட்டிய லைசென்ஸில் மட்டும் சிவப்பு முத்திரையோடு 10 லட்சம் ஜம்மென்று இருக்கிறது.

இப்போது 2024 ஜூலை 1-ல் வந்த புதிய கம்பெனிச் சட்டம் கழுத்தைப் பிடிக்கிறது. புதுக் கம்பெனிகள் 5 ஆண்டுக்குள் முழுத் தொகையும் கட்ட வேண்டும். எங்களைப் போன்ற பழையவர்கள் 2027 ஜூன் 30-க்குள் கெடுவைத் திருத்தி எழுதி, 2032 ஜூனுக்குள் கட்டி முடிக்க வேண்டும்.

மூலதனத்தையே குறைத்துவிடலாம் என்கிறார் முதலாளி. அதற்குத் தீர்மானம் போட்ட 10 நாளில் கடன் கொடுத்தவர்களுக்குத் தகவல், 30 நாளுக்குள் பொது அறிவிப்பு. அவர்கள் பாக்கியை உடனே கேட்கலாம், இல்லையென்றால் உத்தரவாதம் கேட்கலாம். எங்களுக்குச் சரக்கு தருகிறவர்கள் எல்லாரும் கடனுக்குத்தான் தருகிறார்கள். நோட்டீஸைப் பார்த்து ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால்?

யாராவது இப்படிக் குறைத்திருக்கிறீர்களா? சப்ளையர்களிடம் முன்கூட்டியே பேசினீர்களா? மூலதனம் குறைந்தால் வேலை விசா புதுப்பிப்பில் இடைஞ்சல் வந்ததா? அனுபவப்பட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள், ஏஜென்ட் விளம்பரம் வேண்டாம்.